குருதிக் குழாய்களும் ஓர் அமானிதமே

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது கோடைக்கானல். விடுமுறை நாட்களில் வத்தலக்குண்டு வழியாகவும் பழனி வழியாகவும் குடும்பம் குடும்பமாக அங்கே செல்கின்றோம். திரும்பும்போது பலரது பையில் மலைப்பூண்டும் இருக்கும். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. 'இதை உண்டால் இரத்தக் கொதிப்பு இறங்கிவிடும், மாத்திரை எதற்கு?' என்று கூறுவோரும் உளர். இவ்வெண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதை உணர, நம் குருதிக் குழாய்களுக்குள் நிகழ்வதை அறிதல் வேண்டும்.

குருதிக் குழாயின் உட்புறத்தை ஒரே ஓர் உயிரணுவின் தடிப்பே கொண்ட மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. அது வெறும் உறையன்று. நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை உண்டாக்கி, தேவைக்கேற்பக் குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இவ்வாயுவின் பணியைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. படைத்தவனின் நுட்பத்தை எண்ணி வியக்காதார் யார்?

குருதியில் சர்க்கரை மிகும்போது அவ்வாயு குறைகிறது. சர்க்கரை குழாய்ச் சுவரின் புரதங்களோடு பிணைந்து, சுவரை விறைக்கச் செய்கிறது. வயிற்றில் சேரும் கொழுப்பும் வாளா இருப்பதில்லை. அழற்சியை மூட்டும் பொருள்களைச் சுரக்கிறது. இன்சுலின் திறம்படச் செயற்படாதபோது உடல் அதனை மேலும் சுரக்க, சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்கிறது. விரிய மறுக்கும் குழாயில் நீர் மிகுந்தால் அழுத்தம் உயராமல் என்ன செய்யும்? இதயமும் மூளையும் கண்ணும் சிறுநீரகமும் பல ஆண்டுகள் ஓசையின்றிச் சிதைகின்றன. வலி இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டிலேயே டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்றோ நோய் வீடுதோறும் நுழைந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவும் 31 கோடிக்கும் மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாக மதிப்பிட்டது.

பூண்டு இரத்த அழுத்தத்தைச் சிறிதளவு தணிப்பதாகச் சில ஆய்வுகள் கூறுவது உண்மையே. ஆயினும் அது மருந்துக்கு மாற்றாகாது. மேலும், உயர்ந்த மலைக்குச் சென்ற முதற்சில நாட்களில் அழுத்தம் சற்றே உயரவும் கூடும். ஆகவே மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு மலையேறுதல் தகாது. இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது என்பதையும் நினைவிற்கொள்க.

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நலம். நீரிழிவுடையோரில் பெரும்பாலோர்க்கு இரத்த அழுத்தம் 130/80க்குள் இருக்க வேண்டுமென மருத்துவர் வலியுறுத்துகின்றனர். நாளொன்றுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கட்டும். வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டும். உடல் எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தாலும் அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்குமாறு கற்பித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அவர்களைப் பின்பற்றும் நாம், பகலெல்லாம் நோன்பிருந்து, இஃப்தார் வேளையில் சமோசாவும் வடையும் சர்பத்துமாக வயிற்றை நிரப்பலாமா? நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்திருக்கிறது மார்க்கம். எனவே, நீரிழிவுடையோர் ரமளானுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்தை எவ்வேளையில் எவ்வளவு கொள்வது என்பதைக் கேட்டறிவது கடமை. தாமாக மருந்தை நிறுத்துவது பக்தியன்று.

உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணுவோருக்கு அல்லாஹ் நீண்ட நலம் அருள்வானாக!