புறத்திணை வழியே போர்த் திரைப்படம்

போர்த் திரைப்படமாவது, இரு திறத்தாரின் பகையை நொடிக்கு 24 படச்சட்டங்களாகப் பகுத்து, பகுத்தவற்றை ஓர் ஒழுங்கிற் கோத்துக் காட்டும் படைப்பு. அதனை நாடு நோக்கியும் ஆண்டு நோக்கியும் வகுப்பது வழக்கம். அவ்வகுப்பு பிறப்பிடத்தைச் சொல்லுமேயன்றி இயல்பைச் சொல்லாது. இயல்பை அளக்கும் கோல் தொல்காப்பியப் புறத்திணையியலில் உள்ளது. ஆநிரை கவர்தல் வெட்சி, மண் கொள்ளச் செல்லுதல் வஞ்சி, மதிலை முற்றலும் காத்தலும் உழிஞை, களத்தில் நேர்நின்று பொருதல் தும்பை, வென்றி வாகை, நிலையாமை உணர்த்தல் காஞ்சி, ஒருவன் புகழ் பாடல் பாடாண்.

படக்கருவி நிற்குமிடமே திணையை உறுதி செய்கிறது. இரு படைகளுக்கு இடையே புலப்படாத நடுக்கோடு ஒன்று உண்டு. கருவி அதன் ஒரு பக்கத்திலேயே நிற்குமாயின், இடப்புறத்திலிருந்து வருவோர் என்றும் அப்புறத்திலிருந்தே வருவர், காண்போர் பகைவரையும் தம்மவரையும் மயங்கார். 1242இல் உறைந்த ஏரிமேல் நடந்த போரை ஐசென்ஸ்டைன் ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ (1938) ஆக்கியபோது பிறந்தது தும்பை. அமெரிக்கராகிய மைல்ஸ்டோன், ‘ஆல் குவயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ (1930) படத்தில் கருவியைக் கோடு கடத்திச் செருமானிய இளைஞரின் அகழிக்குள் வைத்தார். பகைவன் மகனும் மகனே என்றுணரும் அந்நிலை காஞ்சி. குப்ரிக்கின் ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ (1957) இன்னும் கூரியது. அகழியூடே நீளும் நகர்காட்சிக்குப் பின், பிரெஞ்சுப் படை தன் வீரர் மூவரையே சுட்டுக் கொல்கிறது. நடுக்கோடு ஒரே படைக்குள், ஏவுவோர்க்கும் ஏவப்படுவோர்க்கும் இடையே விழுந்துவிட்டது.

தமிழ்த் திரைக்கு வருவோம்: போர் கண்ட இரு மண் பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும். இவ்விரு மண்ணின் போர்களும் 1959 மே திங்களில் ஒன்றையொன்று அடுத்துத் திரைக்கு வந்தன. பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நிகழ்ச்சியால் உழிஞை: 1799 செப்டம்பரில் கும்பினியின் (கிழக்கிந்திய நிறுவனத்தின்) தளபதி பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை முற்றியது, அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஆயினும் அமைப்பால் அது பாடாண். மதிலினும் பெரிதாய்ச் சிவாஜி கணேசனின் முகம் நிற்கிறது. படத்தின் உச்சமான மோதல் களத்திலன்று, கும்பினி ஆட்சியர் ஜாக்சன்முன் நிகழும் திறை மறுப்புச் சொற்போரில் உள்ளது. 1960இல் கெய்ரோவில் நடந்த திரைப்பட விழா அவரைச் சிறந்த நடிகராக ஏற்றது இம்முகத்தின் பேறே.

கண்ணதாசன் உருவாக்கிக் கே. சங்கர் இயக்கிய ‘சிவகங்கைச் சீமை’க்குக் கூட்டம் அத்துணை சேரவில்லை. எனினும் அதன் கரு அரிது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைக்கு அடைக்கலம் தந்ததே சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர் இருவர்மேல் 1801 போரை இழுத்து வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலேறினர். மண்ணாசையாலன்றிப் புகல் தந்த அறத்தால் மூண்ட இப்போர், காஞ்சிக்கே அணுக்கமானது என்பேன்.

இரு படங்களிலும் கருவி நடுக்கோட்டைக் கடக்கவில்லை. கும்பினிப் படையில் துமுக்கி ஏந்தியவருள் நம் நாட்டு வீரரே மிகுதி. எட்டயபுரத்தாரும் அப்பக்கமே நின்றனர். அப்பெரும் பிளவைத் திரை எட்டப்பன் என்னும் ஒருவன்மேல் ஏற்றிவிட்டது. கும்பினிச் சிப்பாயாகிய நெல்லைச் சீமை உழவன் மகன் ஒருவனின் தோளருகே கருவியை நிறுத்தும் படம் இன்னும் எடுக்கப்பட வேண்டியது. அதற்குரிய திணை காஞ்சி, அதற்குரிய நடுக்கோடு குப்ரிக் வரைந்தது.