இரவலும் வாடகையும் உடைமையும்
(விளையாட்டுப் பொறியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி)

பொருளொன்றின் பயனைத் துய்த்தற்கு அதனை உடையவனாய் இருத்தல் இன்றியமையாததன்று. கேட்டு வாங்கியும் துய்க்கலாம். கூலி கொடுத்தும் துய்க்கலாம். விலை கொடுத்துத் தனதாக்கியும் துய்க்கலாம். இம்மூன்றையும் இரவல், வாடகை, கொள்முதல் எனத் தனித்தனிப் பெயரிட்டு வழங்குதல் தமிழ் மரபு. ஏரும் எருதும், வள்ளமும் வலையும் பற்றி நெடுங்காலமாய் எழுந்த வினா, இற்றை நாளிலே தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் விளையாட்டுப் பொறியைப் பற்றியும் எழுந்துள்ளது. சிறுவர் விளையாட்டுத்தானே என்று இதனைத் தள்ளிவிடல் தகாது. ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயை விழுங்கவல்லது அப்பொறி. அன்றியும், உடைமை என்னுஞ் சொல்லின் பொருளே அதன்கண் மாறிவருகின்றது. ஆதலின் இவ்வினா ஆராயற்பாலதாகும்.

மன்னார் மாவட்டத்தின் வடபுறத்திலே, மன்னாரையும் பூநகரியையும் இணைக்கும் ஏ-32 நெடுஞ்சாலையில் உள்ள ஊர் வெள்ளாங்குளம். வயலும் கடலும் சார்ந்த அப்பகுதியில் வருவாய் மாதந்தோறும் ஒரே அளவினதாய் வருவதன்று. பெரும்போக அறுவடைக் காலத்திற் கையிற் பணம் புழங்கும். மழை பொய்ப்பின் அதுவும் இல்லை. காற்று மாறிக் கடல் கொந்தளிப்பின் வலை கரையிற் கிடக்கும். 2008ஆம் ஆண்டிலே போர் அவ்வழியே சென்றபோது மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். எடுத்துச் செல்ல இயன்றவையே அன்று உடைமையாயின, அவையும் வழியிற் குறைந்தன. மீண்டு வந்து வீட்டை முதலிலிருந்து தொடங்கிய மக்களுக்கு, எதை வாங்குவது, எதை இரவலாய்ப் பெறுவது என்பது ஏட்டுக் கணக்கன்று. ஆதலின் அத்தகைய ஊரொன்றை மனத்திற்கொண்டு இம்மூவழிகளையும் ஒப்புநோக்குதல் பொருத்தமாகும்.

இலங்கையின் பொதுச் சட்டமாய் விளங்கும் உரோம-ஒல்லாந்தச் சட்டம் இரவலையும் வாடகையையும் வெவ்வேறாகக் கருதுகின்றது. இரவலிலே கொடுப்போனுக்கு ஊதியம் இல்லை. பயன் முழுவதும் கொள்வோனுக்கே. ஆகவே அவன் மிகுந்த கவனத்துடன் அப்பொருளைக் காத்து, அதனையே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். வாடகையிலோ இருவரும் பயனடைதலால் இயல்பான கவனமே போதுமானது. இவ்வேறுபாடு நடைமுறையிலும் காணத்தக்கது. இரவல் பெற்ற பொறி பழுதுபட்டால் பணத்தோடு உறவும் பழுதுபடும். கடலோர உப்புக் காற்றும், வெயிற்காலத் தூசியும், ஏறியிறங்கும் மின்னழுத்தமும் இத்தகைய நுண்பொறிக்குப் பகை. அயலான் பொறி தன் வீட்டில் இருக்கையில் நின்றுபோயின், அது எவர் குற்றம் எனத் துணிவது அரிது. விலையில்லாத இரவலுக்கும் மறைவான விலை ஒன்று உண்டென்பது இதனாற் பெறப்படும்.

இனி, கொள்முதலின் விலையை நோக்குவோம். 2020ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த பிளேஸ்ரேஷன் 5 என்னும் பொறி, வட்டுச் செலுத்தி உள்ள வகை, அமெரிக்காவில் 499 டொலருக்கு விற்கப்பட்டது. ஒரு டொலர் 200 ரூபாயாயின் அது 99,800 ரூபாய். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே டொலர் 360 ரூபாய் அளவிற்கு உயர்ந்தபோது அதே பொறி 179,640 ரூபாய். பொறியிலே மாற்றம் எதுவும் இல்லை. மாறியது நாணயத்தின் வலுவே. இக்கணக்கிலே வரியும் வணிகர் ஊதியமும் சேர்க்கப்படவில்லை. 2024ஆம் ஆண்டு சனவரி முதல் இலங்கையிற் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்ததும் கருதத்தக்கது. பொறி மட்டும் இருந்து பயனில்லை. ஆட்டங்களையும் தனித்தனியே வாங்குதல் வேண்டும். பெருநிறுவனங்களின் புதிய ஆட்டம் ஒன்றின் விலை 2020ஆம் ஆண்டை ஒட்டி 60 டொலரிலிருந்து 70 டொலராக உயர்ந்தது.

வாடகையா, கொள்முதலா என்பதைத் துணிதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வாங்கிய விலையுடன் பழுதுபார்க்கும் செலவைக் கூட்டி, பின்னர் விற்கக்கூடிய விலையைக் கழித்தல் வேண்டும். எஞ்சுவதே உடைமையின் உண்மை விலை. அதனை ஒருநாள் வாடகையால் வகுத்தால், எத்தனை நாளுக்கு மேற்பட்ட பயன்பாட்டிற் கொள்முதல் இலாபமாகும் என்பது விளங்கும். எடுத்துக்காட்டாக, விலை 150,000 ரூபாய் எனவும், மூன்றாண்டுகளிற் பழுதுச் செலவு 9,000 ரூபாய் எனவும், இறுதியில் 60,000 ரூபாய்க்கு விற்கலாம் எனவும் கொள்வோம். உண்மை விலை 99,000 ரூபாய். ஒருநாள் வாடகை 1,500 ரூபாயாயின், 99,000ஐ 1,500ஆல் வகுக்க 66 நாள் வரும். அஃதாவது ஆண்டுக்கு 22 நாள். பாடசாலை விடுமுறைகளிற் சில நாள் மட்டும் ஆடும் பிள்ளைக்கு வாடகையே சிக்கனம். வாரந்தோறும் ஒருநாள் ஆடும் வீட்டுக்கு, ஆண்டிலே 52 வாரம் ஆதலாற் கொள்முதலே சிக்கனம். ஆனால் இக்கணக்கு கையிலுள்ள பணத்துக்கே பொருந்தும். கடன்பட்டு வாங்கின் வட்டியையும் கூட்டுதல் வேண்டும். அவ்வாறு கூட்டுமிடத்துக் கணக்குத் தலைகீழாதலும் உண்டு. போருக்குப் பின்னர் வடபகுதியிலே தவணைமுறையும் நுண்கடனும் பல குடும்பங்களை நெருக்கியமை யாவரும் அறிந்ததே.

வாடகைக்குக் கொண்டு துய்த்தல் தமிழர்க்குப் புதிதன்று. 1980களிலே யாழ்ப்பாணத்திலும் அயற்பகுதிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டி, 'டெக்' எனப்பட்ட ஒளிநாடாக் கருவி, மின்பிறப்பாக்கி ஆகியவற்றை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து, அயலவர் யாவரும் கூடிப் படம் பார்த்தனர். ஒருவர் கொடுத்த வாடகையிற் பலர் மகிழ்ந்தனர். கதிரை, கிடாரம் முதலியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்து, கொண்டாட்டங்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் ஊர்ச் சங்கங்களும் இம்மரபின்பாற்பட்டனவே. மேலைநாட்டிலும் இவ்வெண்ணம் பழையது. பொருளாதார மந்தம் நிலவிய 1935ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில், நூல்களைப்போல விளையாட்டுப் பொருள்களையும் சிறுவர்க்கு இரவல் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

எனினும், விளையாட்டுப் பொறியை இரவல் கொடுத்தலும் வாடகைக்கு விடுதலும் எங்கும் எதிர்ப்பின்றி வளர்ந்தவை அல்ல. ஆட்டங்களை ஆக்கும் நிறுவனங்கள், ஒரு பிரதியைப் பலர் மாறிமாறி ஆடுதலால் தம் விற்பனை குன்றும் என்றன. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் கணினி மென்பொருளை ஊதியம் கருதி வாடகைக்கு விடுதலைத் தடுத்தபோதிலும், விளையாட்டுப் பொறிகளுக்கான ஆட்டங்களுக்கு விலக்களித்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களை வாடகைக்கு விடும் உரிமையை ஆக்கியோனுக்கே அளிக்கின்றது. நிரல் வாடகையின் முதன்மைப் பொருளாக இல்லாதவிடத்து அத்தடை இல்லை. எனவே பொறியை வாடகைக்கு விடுதல் வேறு, ஆட்ட வட்டை வாடகைக்கு விடுதல் வேறு என்பதை இத்தொழிலில் இறங்குவோர் உணர்தல் வேண்டும்.

இதனினும் பெரிய மாற்றம் அண்மையில் நிகழ்ந்தது. 2013ஆம் ஆண்டிலே மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் புதிய பொறியில் வட்டுகளை இரவல் கொடுத்தற்கும் மறுவிற்பனைக்கும் கட்டுப்பாடு விதிக்க முற்பட்டு, மக்களின் எதிர்ப்பால் அதே ஆண்டு யூன் மாதத்தில் அதனைக் கைவிட்டது. ஆயினும் கட்டளையாற் செய்ய இயலாதது வசதியின் பெயரால் நிறைவேறி வருகின்றது. 2020ஆம் ஆண்டு வட்டுச் செலுத்தியே இல்லாத பொறிகள் வந்தன. ஆட்டம் இணையவழி இறங்கி ஒருவரது கணக்கிற் பதிவாகின்றது. பணம் முழுவதையும் கொடுத்தவன் பெறுவது பொருளையன்று, பயன்படுத்தும் அனுமதியையே. அதனை அயலானுக்கு வட்டைப்போல் எடுத்துக் கொடுத்தல் இயலாது, விற்றலும் இயலாது. கலிபோர்ணியா மாநிலம் 2024ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, அனுமதியை மட்டும் விற்போர் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டுமென விதித்தது. 'வாங்குக' என்னுஞ் சொல் வாங்குதலைக் குறியாத நிலை ஏற்பட்டமையே இச்சட்டத்துக்குக் காரணம்.

இதன் விளைவு செல்வர்க்குச் சிறிது. வெள்ளாங்குளம் போன்ற ஊர்களுக்குப் பெரிது. ஒரு வீட்டின் வட்டு பத்து வீட்டுக்குச் சென்று மீளும் ஊரிலே, விலைகொடுக்க இயலாத பிள்ளையும் விளையாட்டில் இடம்பெறுகின்றான். இரவல் கொடுக்க இயலாத ஆட்டம் அவனை வாசலில் நிறுத்திவிடும். அன்றியும் வட்டுள்ள பொறிக்கும் வட்டில்லாத பொறிக்கும் விலை வேறுபாடு சிறிதேயெனினும், மறுவிற்பனையும் இரவலும் இல்லாதொழிவதால் மேற்கூறிய கணக்கிலே உண்மை விலை ஏறிவிடுகின்றது.

ஆகவே துணிபு இதுவாகும். சில நாள் ஆடுதற்கு வாடகை நன்று. நாடோறும் பயன்படுமாயின், கடன்படாது வாங்குதல் நன்று. வாங்குமிடத்து வட்டிட்டு ஆடும் பொறியையும், பிறர் பயன்படுத்திய பொறியையும் முதலில் நோக்குதல் அறிவுடைமை. இரண்டினும் சிறந்தது கூட்டு உடைமை. மேற்காட்டிய 99,000 ரூபாயை ஐந்து வீட்டார் பகிர்ந்தால் ஒரு வீட்டுக்கு 19,800 ரூபாயே ஆகும். ஊர்ச் சனசமூக நிலையம் ஒன்றிலே கரம் பலகைக்கு அருகில் அப்பொறியை வைத்து, நேரம் வகுத்து, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் ஆடச்செய்தால், செலவும் குறையும்; நாள்முழுதும் திரைமுன் அமர்தலும் தவிரும்; தனித்து ஆடும் பிள்ளை மற்றவரோடு முறைவைத்து ஆடவும் தோற்கவும் பழகுவான். முற்றத்திலே கூடிப் படம் பார்த்த மக்களுக்கு இவ்வழி புதிதன்று. பொருள் ஒருவர் கையில் நில்லாது பலர் கைக்கும் செல்லுமாறு காத்தலே எளியோர் வாழும் ஊரின் செல்வமாகும்.