பிக்கப்பைக் காட்டுப் பாதைக்குத் தயார்செய்தல்: முதல் காசு எதற்கு?

மாரி தொடங்கிவிட்டால் வன்னியின் உள் வீதிகளில் பலருக்குப் பிக்கப் வாகனம்தான் ஒரே நம்பிக்கை. நெல் மூட்டை போவதும் அதில்தான், பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதும் அதில்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது வாங்குவது பெரும்பாலானோருக்கு எட்டாத கதை. கையில் இருக்கும் பழைய ஹைலக்ஸையோ எல்-200 ஐயோ பலப்படுத்துவதுதான் நடக்கக்கூடிய வழி.

இளைஞர்கள் பலர் முதலில் வாகனத்தை உயர்த்துகிறார்கள், கூரையில் விளக்கு வரிசை பூட்டுகிறார்கள். யூடியூப் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஆனால் முதல் காசு போகவேண்டிய இடம் ரயர்.

கம்பனியிலிருந்து வரும் ரயர் பெரும்பாலும் தார் வீதிக்கானது. களியில் இறங்கினால் அதன் பற்களுக்குள் மண் அப்பி, சில்லு வழுவழுப்பான உருளையாகிவிடும். மட் ரெரெய்ன் எனப்படும் ரயரின் பெரிய பற்கள் சுழலும்போதே களியை வீசியெறியும். அதற்கு விலையும் உண்டு. தார் வீதியில் இரைச்சல், மழையில் பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம், விரைவான தேய்மானம். நாளாந்தம் ஏ-9 இல் ஓடி, கடைசிச் சில கிலோமீற்றர் மட்டும் கிரவல் வீதியில் போகிறவருக்கு இடைப்பட்ட ஓல் ரெரெய்ன் ரயரே போதும்.

அடுத்தது காசே தேவைப்படாத மாற்றம்: காற்றைக் குறைத்தல். வழமையாக 35 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் ரயரை, மணற்காடு போன்ற மணல் நிலத்தில் 18 முதல் 20 வரை இறக்கினால் ரயர் தரையில் நீளமாகப் படியும். பாரம் பரவும், புதைவது குறையும். கற்கள் நிறைந்த கிரவலில் இவ்வளவு இறக்கத் தேவையில்லை. தார் வீதிக்கு ஏறியதும் கட்டாயம் திரும்ப நிரப்பவேண்டும். காற்றுக் குறைந்த ரயர் வேகத்தில் ஓடினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். எனவே பற்றறியில் இயங்கும் சிறிய காற்று அடிக்கும் கருவி ஒன்று வாகனத்தில் இருக்கவேண்டும். என்னைக் கேட்டால், கூரை விளக்குகளை விட இதற்குத்தான் முன்னுரிமை.

வாகனத்தை உயர்த்துவது பற்றிப் பலர் விளங்கிக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றி 2 அங்குலம் உயர்த்தினால் உடல்தான் உயரும். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அது சில்லோடு சேர்ந்தது. அதை உயர்த்தப் பெரிய ரயரால் மட்டுமே முடியும். 265/65 ஆர்17 ரயருக்குப் பதிலாக 265/70 ஆர்17 பூட்டினால் விட்டம் சுமார் 26 மில்லிமீற்றர் கூடும், டிபரன்ஷியலுக்குக் கிடைப்பது அதில் பாதி, 13 மில்லிமீற்றர். வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 62 ஆகியிருக்கும். 2 அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் முன் அச்சுத் தண்டுகளின் கோணம் கூடி, இணைப்புகள் சீக்கிரம் தேயும், வளைவில் கவிழும் ஆபத்தும் கூடும். இன்னொன்று: மாற்றத்தைப் பற்றிக் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வேறாக இருக்கலாம்.

தண்ணீர் விடயத்தில் பலரும் சினோர்க்கல் குழாயையே நினைக்கிறார்கள். என்ஜின் தண்ணீரை உறிஞ்சினால் அதை அமுக்க முடியாமல் பிஸ்டனின் தண்டு வளைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே கெட்டுப்போவது டிபரன்ஷியல். ஓடிச் சூடான அச்சுக் கூடு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கும். அந்த இழுவையில் மூச்சுக்குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். ஒயில் பால் நிறமாகினால் பற்சக்கரங்களுக்குக் கேடு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மூச்சுக்குழாயில் ஒரு றபர் குழாயைப் பொருத்தி என்ஜின் அறையின் உச்சிவரை கொண்டுபோனால் போதும். பொருளாதாரத் தடைக் காலத்தில் துளிப் பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்த மெக்கானிக்குகளின் ஊர் இது. இந்த வேலை அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல.

இவை எல்லாம் நிற்கும் தண்ணீருக்குத்தான். 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் பாயும் தண்ணீர் பெரும்பாலான வாகனங்களை, பிக்கப் உட்பட, இழுத்துச் செல்லக்கூடியது. சினோர்க்கல் அதைத் தடுக்காது. 2018 டிசெம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறந்தபோது தண்ணீர் எவ்வளவு விரைவாக ஏறியது என்பதை கிளிநொச்சிச் சனம் மறந்திருக்காது. வட்டுவாகல் போன்ற தாழ்ந்த பாலங்களில் தண்ணீர் மேவிப் பாய்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

புதைந்த வாகனத்தை மீட்கும்போதும் ஆட்கள் காயப்படுகிறார்கள், இறந்தும் போகிறார்கள். இழுவைப் பெட்டி கொழுவும் உருண்டையில் கயிறு கட்டி இழுக்கக்கூடாது. அது முறிந்தால் குண்டுபோலப் பறக்கும். சட்டகத்தில் பூட்டிய, பாரம் தாங்கும் அளவு குறிக்கப்பட்ட கொழுக்கியிலேயே கட்டவேண்டும். வின்ச் பூட்டுவதானால் அதன் இழுவைத் திறன், பாரம் ஏற்றிய வாகனத்தின் மொத்த எடையைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கவேண்டும். 3 தொன் எடைக்கு 4.5 தொன். முன் பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் ஏற்றக்கூடிய சுமை அந்தளவுக்குக் குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளில் வின்ச் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பற்றைக்குள் நடந்துபோய் மரத்தில் கட்டுவார்கள். இங்கே அது எல்லா இடத்திலும் செய்யக்கூடியதல்ல. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது, நிலத்தைத் துப்புரவாக்குவதற்கான காலக்கெடு 2028 யூன். அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. வெள்ளம் மிதிவெடிகளை இடம்பெயர்க்கவும் கூடும். மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதற்காக ஓர் இடம் துப்புரவானது என்று எடுக்கமுடியாது. எனவே எங்கள் பகுதிக்கு வின்ச்சை விடப் பயன்படுவது, சில்லின் கீழ் வைக்கும் பல் வைத்த மீட்புப் பலகை இரண்டும் ஒரு மண்வெட்டியும். பாதையை விட்டு இறங்காமலே வேலை முடியும். அப்படியும் ஏறாவிட்டால் பக்கத்தால் சுற்றிப்போகப் பார்க்காமல், வந்த சில்லுத் தடத்திலேயே பின்னுக்கு எடுங்கள்.