கடைசி நாள் யாருக்குச் சொந்தம்?

சிங்கப்பூருக்குச் சுற்றுலா போய்வந்த நம் ஊர்க் குடும்பம் எதையாவது பிடித்து, அவர்களுடைய பயணத் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். முதல் நாள் மெர்லயன் சிலை, மெரினா பே. அடுத்த நாள் சென்டோசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ். அதற்கடுத்து நைட் சஃபாரி. கடைசி நாளுக்கு நேராக மட்டும் இடத்தின் பெயரே இருக்காது; 'ஷாப்பிங்' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும்.

பெயருக்குத்தான் அது விடுமுறை நாள். அந்த நாளை நடத்துவது வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த பட்டியல். சித்திக்குக் கோடாலித் தைலம், மாமாவுக்கு சென்ட் பாட்டில், அலுவலகத்துக்கு சாக்லேட், பக்கத்து வீட்டுக்கு 'ஏதாவது சின்னதா'. முதல் நாள் கேமராவும் கையுமாகத் திரிந்தவர், கடைசி நாள் கொக்கித் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்த்துக்கொண்டிருப்பார். காசு கொடுத்து வாங்கிய விடுமுறையில் ஒரு முழு நாள் ஊரில் இருப்பவர்களுக்காகக் கழிகிறது.

இதில் தவறு என்ன, உறவு என்றால் அப்படித்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

பட்டியல் பிறந்த கதை

1991-க்கு முந்தைய இந்தியாவில் வெளிநாட்டுப் பொருள் என்பது சட்டத்தின் வேலிக்கு அப்பால் இருந்தது. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். சுங்க வரியோ மலைக்க வைக்கும். தங்கத்துக்கு 1968-ல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை உயிரோடு இருந்தது. அந்தக் காலத்தில் டேப் ரெக்கார்டரும் நைலக்ஸ் சேலையும் ஊருக்குள் வர இருந்த வழி, சிங்கப்பூரிலிருந்து யாராவது வருவதுதான். கப்பலிலும் விமானத்திலும் வந்திறங்கியவர்கள் வியாபாரிகளும் வேலைக்குப் போனவர்களும். ஆண்டுக்கணக்கில் ஊரைப் பார்க்காதவர் பெட்டி நிறையக் கொண்டுவந்தார். 'சிங்கப்பூர் சாமான்' என்ற சொல்லுக்கே தனி மரியாதை இருந்தது.

இன்று அந்தப் பெட்டியில் வரும் பொருட்களில் பெரும்பாலானவை தி.நகரிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. கோடாலித் தைலம் உட்பட. 1928-ல் லியுங் யுன் சீ என்பவர் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. இப்போது நம் ஊர் மருந்துக் கடைகளிலும் விற்கிறது. தங்கத்தின் கதையும் மாறிவிட்டது. 2024 ஜூலையில் இந்தியா தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது, வெளிநாட்டில் நகை வாங்குவதால் கிடைத்த லாபத்தின் பெரும்பகுதி கரைந்தது.

பட்டியல் பிறந்த காரணம் செத்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. பட்டியல் மட்டும் தொடர்கிறது.

நடுநிசி தாண்டிய கடை

சிங்கப்பூரில் இந்தப் பட்டியலின் தலைநகரம் சையது ஆல்வி சாலையில் இருக்கிறது. 1971-ல் முஸ்தாக் அகமது, தன் தந்தையோடும் சிற்றப்பாவோடும் சேர்ந்து சிறிய துணிக்கடை ஒன்றைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து முஸ்தபா சென்டர் ஆனது. ஊசி முதல் டிவி வரை, மாத்திரை முதல் தங்கம் வரை ஒரே கூரைக்குள். கொரோனாவுக்கு முன்பு 24 மணி நேரமும் திறந்திருந்தது. இப்போதும் நடுநிசி தாண்டித்தான் மூடுகிறார்கள். கடைசி இரவில் அவசர அவசரமாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பதை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்ட கடை வேறு இல்லை.

அந்த நெரிசலில் இன்னொரு வகை வாடிக்கையாளரையும் பார்க்கலாம். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் கட்டுமானத் தொழிலாளி. அவருடைய கடைசி நாளும் இதே வரிசைகளுக்கு நடுவே கழிகிறது. அவர் வாங்கும் போர்வையும் பால்பவுடரும் அவர் வீட்டில் இல்லாமல் போன வருடங்களுக்கு ஈடு. ஒரு வார சுற்றுலாப் பயணி அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். அவர் யாரையும் விட்டுப் பிரிந்திருக்கவில்லை. பழக்கத்துக்காக மட்டும் நிற்கிறார்.

ஒன்பது சதவீதக் கணக்கு

பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ஒரு நாள் முன்னதாக முடித்துவிடுங்கள் என்பதுதான் யோசனை. அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு.

சிங்கப்பூரின் ஜிஎஸ்டி 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் வாங்கும் சுற்றுலாப் பயணி, அந்த வரியில் சேவைக் கட்டணம் போக மீதியைத் திரும்பப் பெறலாம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்தும் இந்தத் தொகையை எட்டலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஓட்டல் வாடகை, சாப்பாட்டுச் செலவு இதில் சேராது.

பலர் கோட்டைவிடுவது விமான நிலையத்தில்தான். பொருள் பெரிய பெட்டிக்குள் போகிறது என்றால், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே வரியைத் திரும்பப் பெறும் இயந்திரத்துக்குப் போக வேண்டும். அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். பெட்டி பெல்ட்டில் போன பிறகு எதைக் காட்டுவது? தைலம், சென்ட் போன்ற திரவங்களில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கைப்பையில் போகாது. பவர் பேங்கோ பெரிய பெட்டியில் போகக் கூடாது. இதையெல்லாம் முந்தின இரவே நிதானமாகப் பிரித்து அடுக்கிவிட்டால், மறுநாள் காலை முழுவதும் கையில் இருக்கும்.

ஏழு மணிக்கு விடியும் ஊர்

அந்தக் காலையை என்ன செய்வது? லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் லைன் எம்ஆர்டி ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ். ஐந்து மணிக்கே திறக்கிறார்கள். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். மற்ற இடமெல்லாம் இலவசம். சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணிவாக்கில்தான் எழும். நிலப்படத்தில் இருக்கும் இடத்தைவிட ஊரின் கடிகாரம் முன்னால் ஓடுகிறது; மலேசியா நேரத்தை மாற்றியபோது சிங்கப்பூரும் 1982 தொடக்கத்தில் அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. அதனால் ஆறரைக்குப் போனாலும் விடியலைத் தவறவிட மாட்டீர்கள்.

1859-ல் தொடங்கிய இந்தத் தோட்டம் 2015-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தமிழர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டியதற்கு அதைவிடப் பெரிய காரணம் ரப்பர். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877-ல் ரப்பர் நாற்றுகள் இங்கே வந்தன. 1888-ல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கும் முறையை இங்கேதான் வகுத்தார். தோட்ட முதலாளிகளிடம் 'ரப்பர் நடுங்கள்' என்று ஓயாமல் வற்புறுத்தியவர் அவர். அதன்பிறகு மலாயா முழுக்க ரப்பர் காடுகள் எழுந்தன. அவற்றில் பால்வெட்ட நம் மாவட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கப்பலேறினார்கள். சாமான் பட்டியலுக்கும் முந்தைய சிங்கப்பூர்க் கதை இந்த மரத்தடியில் தொடங்குகிறது. முஸ்தபாவில் செலவிடும் நேரத்தில் பாதி போதும், இதைப் பார்த்துவிடலாம்.

திரும்பும் வழியில் சிராங்கூன் சாலையில் காலைப் பலகாரம். கோமள விலாஸ் 1947-லிருந்து அங்கே இருக்கிறது.

வழியனுப்பும் தொழில்

அறையைக் காலி செய்து, பெட்டிகளை ஓட்டலிலேயே விட்டுவிட்டு மதியம் வரை சுற்றலாம். பிறகு அதே டவுன்டவுன் லைனில் எக்ஸ்போ வரை போய் ஒருமுறை மாறினால், அடுத்த நிறுத்தம் சாங்கி.

1981-ல் திறந்த சாங்கி, பயணியின் கடைசி மணி நேரத்துக்கும் விலை உண்டு என்பதை நன்றாகப் புரிந்துகொண்ட விமான நிலையம். 2019-ல் திறந்த ஜூவல் வளாகத்தில், மோஷே சாஃப்டி வடிவமைத்த கண்ணாடிக் கூரையின் நடுவிலிருந்து 40 மீட்டர் உயரத்து அருவி விழுகிறது. கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது இதுதான். பார்க்கக் கட்டணம் இல்லை. சுற்றிலும் தளம் தளமாகக் கடைகள். இலவச அருவிக்கும் கடை வாடகைக்கும் உள்ள உறவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு எல்லைக்கு வெளியே இருப்பதால், குடியேற்றச் சோதனைக்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு மூன்றாவது முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது.

வெளியேறும் வாசலில் மனிதர் யாரும் கேள்வி கேட்பதில்லை. 2024 முதல் முகத்தையும் கருவிழியையும் பார்த்துக் கதவு திறக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரைகூட விழாது.

பச்சை வழியில்

சென்னையோ திருச்சியோ கோவையோ, பறக்கும் நேரம் ஏறக்குறைய நாலு மணி. நம் கடிகாரம் இரண்டரை மணி பின்னால் இருப்பதால், எட்டு மணிக்குக் கிளம்பினால் இங்கே ஒன்பதரைக்கே இறங்கிவிடலாம். இறங்கியதும் சுங்கம். இங்கே ஒரு விதி பலருக்குத் தெரிவதில்லை: ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரை வரியில்லாமல் நகை கொண்டுவரலாம் என்ற சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புபவர்களுக்கு மட்டும். ஒரு வாரம் சுற்றிவிட்டு வருபவர், அங்கே வாங்கிய நகையோடு, அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்தால் சிக்கல்தான். அறிவித்து வரி கட்ட வேண்டும்.

அந்த விதியை எழுதியவர்களுக்கே வித்தியாசம் தெரிந்திருக்கிறது: வருடக்கணக்கில் பிரிந்திருந்தவர் வேறு, விடுமுறைக்குப் போனவர் வேறு. பெட்டி நிறையக் கொண்டுவரும் உரிமையும் கடமையும் முன்னவருக்கு. பின்னவருக்கு ஒரு பை சாக்லேட் போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அடுத்த முறை டிக்கெட் போடும்போது, கடைசி நாளுக்கு நேராக ஓர் இடத்தின் பெயரை எழுதுங்கள்.