எண்ணெய் தீர்க்காத பொடுகு

மார்கழியில் தலைகுந்தாவில் உறைபனி விழத் தொடங்கினால், நீலகிரி வீடுகளில் உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டில் அடுப்போரத்துக்கு வந்துவிடும். குளிரில் மண்டை வறண்டு பொடுகு உதிர்கிறது, எண்ணெயை உருக்கித் தேய்த்தால் போய்விடும் என்பது இங்கே பரவலான நம்பிக்கை. பெரும்பாலான பொடுகுக்கு வறட்சி காரணமே அல்ல. மலசீசியா என்ற பூஞ்சை ஏறக்குறைய எல்லார் தலையிலும் வாழ்கிறது. 2007-ல் அதன் ஓர் இனத்தின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தபோது, கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் மரபணு அதனிடம் இல்லை என்று தெரிந்தது. அதனால் அது தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையை உடைத்துத்தான் பிழைக்கிறது. அப்போது மிஞ்சும் ஒலியிக் அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிச்சலடைந்து, செல்களை முதிருமுன்பே கொத்துக்கொத்தாகத் தள்ளிவிடுகிறது.

பனிக்காலத்தில்தானே அதிகமாகிறது என்று கேட்கலாம். உண்மைதான். குளிருக்கு அஞ்சித் தலைக்குக் குளிப்பது குறைவதால் பசையும் செதிலும் சேர்ந்துவிடுகின்றன. வெறும் வறட்சியாலும் செதில் உதிரும். ஆனால் அது மாவுபோல் உலர்ந்திருக்கும், கைகால் தோலும் வெடித்திருக்கும். ஒரு செதிலை எடுத்து விரலிடையே நசுக்கிப் பாருங்கள். மஞ்சள் சாயலும் பிசுபிசுப்பும் இருந்து, புருவமும் மூக்கோரமும் சிவந்திருந்தால் அது பொடுகின் கடுமையான வடிவம். எண்ணெய் வைத்தால் உதிர்வது நிற்கிறதே என்பார்கள். செதில் தலையோடு ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் 2 முறை தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசினால் சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். வெள்ளிநிறத்தில் தடித்த படலம் முடியின் எல்லையைத் தாண்டி நெற்றிக்கு இறங்கி, முழங்கையிலும் தெரிந்து, நகத்தில் சிறு குழிகளும் விழுந்திருந்தால் அது சொரியாசிஸாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கைக்குழந்தையின் உச்சியில் படியும் மஞ்சள் பொருக்கைக் கண்டு தாய்மார் கலங்க வேண்டாம். முதல் மூன்று மாதத்துக்குள் வரும், பெரிதாக அரிக்காது, குழந்தை வழக்கம்போல் பால் குடிக்கும், சில மாதங்களில் தானே மறையும். எண்ணெய்க்கு உண்மையான வேலை இங்கேதான்: சற்று ஊறவிட்டு, மெத்தென்ற பிரஷால் நீவி, மிச்சமில்லாமல் கழுவிவிட வேண்டும். நகத்தால் பெயர்த்தால் புண்ணாகும். பள்ளிப் பிள்ளைக்குச் செதில் வந்தால் மட்டும் பொடுகென்று விட்டுவிடக் கூடாது. முடி ஒடிந்து கரும்புள்ளிகளாக நின்று, பின்கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அது தலைப் படர்தாமரையாக இருக்கக்கூடும். ஷாம்பூ மட்டும் போதாது. மருத்துவர் தரும் மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். சீப்பாலும் கம்பளிக் குல்லாயாலும் பரவுவது அது. ஒரே சீப்பைப் பலர் புழங்கும் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில், கூடப் பிறந்தவர்களின் தலையையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.