1.4 கிராம் விமானம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

உப்புச் சுரங்கத்துக்குள் கண்ணாடித் தாள் போன்ற ஒரு விமானம் அரை மணி நேரம் ஆடி அசைந்து சுற்றுகிற காணொளி அவ்வப்போது கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. 'கிராஃபிக்ஸாக இருக்கும்' என்று அதைத் தள்ளிவிடுபவர்கள்தான் அதிகம். உண்மையில் அது எஃப்1டி எனப்படும் உள்ளரங்க மாடல் விமானம். வான்விளையாட்டுகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ. இதற்கு உலகச் சாம்பியன் போட்டியே நடத்துகிறது. சிறுவர்களுக்குத் தனிப் பட்டமும் உண்டு. இதைப் பற்றிப் பொதுவாக எழும் சந்தேகங்களைப் பார்ப்போம்.

பேட்டரி எங்கே? ரிமோட் யார் கையில்?

இரண்டும் கிடையாது. விமானத்தின் அடியில் நீளவாட்டில் மாட்டிய ஒரு ரப்பர் வளையம்தான் இயந்திரம். அதை முறுக்கிவிட்டால், முறுக்கு அவிழும்போது முன்னாலுள்ள விசிறி சுழலும். கையை விட்டபிறகு எந்தக் கட்டளையும் விமானத்துக்குப் போகாது. இறக்கையின் கோணம், வாலின் சாய்வு, எடை எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே சரிசெய்து வைத்திருக்க வேண்டும்.

துளி ரப்பர் எப்படி அரை மணி நேரம் இழுக்கும்?

விதிப்படி ரப்பரின் எடை, பூசிய வழுக்குநீர்மத்தோடு சேர்த்து, 0.4 கிராமைத் தாண்டக்கூடாது. நல்ல இயற்கை ரப்பரில் அந்த அளவுக்கு ஏறக்குறைய ஐந்து ஜூல் ஆற்றலைச் சேமிக்கலாம். அரைக் கிலோ பொருளைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அவ்வளவுதான் செலவாகும். அந்தச் சொற்பத்தை அரை மணி நேரத்துக்கு வைத்துச் செலவழிப்பதில்தான் போட்டியே இருக்கிறது. வேகம், சாகசம் எதற்கும் இங்கே மதிப்பெண் இல்லை. கடைசியில் தரையைத் தொடுகிறவர் ஜெயித்தார்.

முறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கணக்கு புரியும். ரப்பரை விமானத்தில் மாட்டி வைத்து முறுக்க மாட்டார்கள். அறுந்தால் பல வார உழைப்பு ஒரு நொடியில் தூளாகிவிடும். வளையத்தின் ஒரு முனை முறுக்குவிசையை அளக்கும் சிறு கருவியில் மாட்டியிருக்கும். மறுமுனையைப் பற்சக்கரம் வைத்த முறுக்கியின் கொக்கியில் கோத்து, ரப்பரைப் பல மடங்கு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு பின்னால் போவார்கள். பாதிச் சுற்று ஏறும்வரை அங்கேயே நிற்பார்கள். பிறகு ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தபடியே மீதியை ஏற்றுவார்கள். ஆயிரத்தையும் தாண்டிப் போகும் சுற்றுகளில் ஒவ்வொன்றும் எண்ணப்படும். இன்னும் பத்துச் சுற்று ஏற்றலாமா, அறுந்துவிடுமா என்று விரல்நுனி சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கும் அந்தக் கட்டத்தில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. ஏற்றி முடித்ததும் சில சுற்றுகளைத் திரும்ப இறக்குவதும் உண்டு. முழு முறுக்கோடு விட்டால் விமானம் எடுத்த எடுப்பில் சரசரவென்று ஏறிக் கூரையில் முட்டிவிடும்.

அந்த முதல் வேகத்தை அடக்க இன்னொரு உபாயமும் இருக்கிறது. விசிறியின் மையத்தில் மிகச் சிறிய சுருள்வில் ஒன்றை வைத்திருப்பார்கள். விசை அதிகமாக இருக்கும்போது அலகுகள் தாமாகத் திரும்பிக் கூடுதல் காற்றை எதிர்கொள்ளும், சுழற்சி மட்டுப்படும். விசை குறையக் குறைய அலகுகள் பழைய நிலைக்கு வரும். மொத்தத்தில் விசிறி நொடிக்கு ஒரு சுற்று என்கிற அளவில்தான் சுழல்கிறது. அலகுகளைக் கண்ணால் எண்ணலாம். விமானமோ நாம் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகப் போகிறது.

எடை குறையக் குறைய நல்லதென்றால், குறைந்தபட்ச எடை என்று ஒரு விதி எதற்கு?

நியாயமான சந்தேகம். இறக்கையின் பரப்பு மாறாமல் எடையை மட்டும் பாதியாக்கினால், பறப்பதற்குத் தேவையான திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். அதனால் வரம்பில்லாமல் விட்டால் ஆளாளுக்கு எடையைச் சுரண்டிக்கொண்டே போவார்கள். கையில் எடுத்தாலே உடைகிற பொருள்தான் மிஞ்சும். இப்போதைய விதியின்படி இறக்கையின் நீளம் முனைக்கு முனை அதிகபட்சம் 55 செ.மீ., ரப்பர் இல்லாமல் விமானத்தின் எடை குறைந்தபட்சம் 1.4 கிராம். 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். அதை மூன்றாகக் கிழித்தால் ஒரு துண்டுகூட இந்த விமானத்தைவிடக் கொஞ்சம் கனமாகவே இருக்கும்.

முன்பு இறக்கை 65 செ.மீ., எடை 1 கிராம் என்று இருந்தது. பிறகு 55 செ.மீ., 1.2 கிராம், ரப்பர் 0.6 கிராம் என்றாயிற்று. பறக்கும் நேரம் நீண்டுகொண்டே போனபோதெல்லாம் கூட்டமைப்பு கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய கையிருப்பு வீணாகிறதே என்று முணுமுணுப்பும் எழும். ஆனால் வரம்பு இறுகியபோதெல்லாம் விளையாட்டு கூர்மையடைந்ததாகவே எனக்குப் படுகிறது.

எதைக் கொண்டு செய்கிறார்கள்?

எலும்புக்கூடு பால்சா மரம். அதிலும் ஒரு கட்டுப் பலகையை எடைபோட்டுப் பார்த்து, இருப்பதிலேயே லேசானதைப் பொறுக்கி எடுத்துச் சீவுவார்கள். தேவைப்படும் இடத்தில் முடியிழை போன்ற போரான் இழையை ஒட்டி விறைப்பு ஏற்றுவார்கள்.

போர்வைதான் அதிசயம். இன்று அரை மைக்ரான் அளவேயுள்ள பிளாஸ்டிக் படலம் கிடைக்கிறது. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அது வருவதற்கு முன் படலத்தையும் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நைட்ரோசெல்லுலோஸ் கரைசலைக் கொஞ்சம் அதன்மேல் ஊற்றினால் பளபளவென்று விரிந்து காய்ந்து படலமாகும். கம்பி வளையத்தால் அதை அலுங்காமல் அள்ளித் தூக்க வேண்டும். எவ்வளவு தடிமன் என்பதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். எண்ணெய் சிந்திய மழைநீரில் தெரிவது போன்ற வண்ணங்கள் அதில் மினுங்கும். நிறத்தை வைத்தே தடிமனைச் சொல்லிவிடுவார்கள்.

வெட்டவெளியில் பறக்கவிட்டால் என்ன?

மூச்சுக்காற்று பட்டாலே வழி மாறுகிற பொருளை வெளியே விட்டால் இளங்காற்றே அதைக் கசக்கிவிடும். கூரைக்குக் கீழேயும் எல்லா இடமும் தோதுப்படாது. திறந்துவிட்ட கதவு, குளிர்சாதனத்தின் காற்று, ஒருபக்கம் வெயில் பட்டுச் சூடான சுவர் எல்லாமே எதிரிகள்தான்.

அதனால்தான் இந்த ஆட்டக்காரர்கள் வினோதமான இடங்களைத் தேடிப் போகிறார்கள். இங்கிலாந்தின் கார்டிங்டனில், 1930இல் விபத்துக்குள்ளான ஆர்101 என்ற வான்கப்பல் கட்டப்பட்ட கொட்டகையிலும் பறக்கவிட்டிருக்கிறார்கள். 2018 உலகப் போட்டி அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், வெஸ்ட் பேடன் ஸ்பிரிங்ஸ் என்ற பழைய ஓட்டலின் பிரம்மாண்டக் குவிமாடத்துக்குக் கீழே நடந்தது.

காணொளியில் வரும் சுரங்கம் ருமேனியாவின் ஸ்லானிக் பிராகோவாவில் இருக்கிறது. 1943 முதல் 1970 வரை உப்பு வெட்டிய யூனிரியா சுரங்கம். தரைக்கு 208 மீட்டர் கீழே, 54 மீட்டர் உயரக் கூடங்கள். வருடம் முழுக்க 12 டிகிரி செல்சியஸ். காற்றும் கிட்டத்தட்ட அசையாது. சொர்க்கம் என்றுதான் தோன்றும். ஒரு பொல்லாத சிக்கல் மட்டும் உண்டு: கூடத்தின் சுவர்கள் சாய்வானவை. தரையில் 32 மீட்டர் அகலம், கூரையருகே 10 மீட்டர்தான். உயரே போகப் போக வட்டமடிக்க இடம் சுருங்கும். கூரை உயரத்தை முழுதாகப் பயன்படுத்த ஆசைப்பட்டால் சுவரில் உரசும் ஆபத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.

சுவரையோ மற்றொரு விமானத்தையோ நெருங்கினால்?

நூலில் கட்டிய ஹீலியம் பலூனை மேலே அனுப்பி, விமானத்தை மெல்ல ஒதுக்கிவிட விதி அனுமதிக்கிறது. பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்த்தலாமே தவிர, இதைச் சாக்காக வைத்து உயரம் ஏற்றக்கூடாது. நாற்பது மீட்டர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அரை மைக்ரான் இறக்கைக்கு நோகாமல் பலூனைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பார்க்கிற நமக்கே கழுத்து வலிக்கும். கூரையில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றுபோனால், அந்தச் சுற்று அத்தோடு முடிந்தது.

ஏன் எப்போதும் இடப்பக்கமே வளைகிறது?

விசிறி ஒருபக்கம் சுழன்றால் உடல் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வைத் தடுத்து மல்லுக்கட்டாமல், அதே பக்கம் வட்டமடிக்க விட்டுவிடுகிறார்கள். உள்வட்டத்தில் வரும் இடது இறக்கை மெதுவாக நகர்வதால் அதை வலதைவிடக் கொஞ்சம் நீளமாக வைப்பார்கள்.

அதிர்ஷ்டம் அடித்தால் யாரும் ஜெயிக்கலாமோ?

ஆறு சுற்றுகள் பறக்கலாம்; சிறந்த இரண்டின் நேரத்தைக் கூட்டித்தான் வரிசை. ஒரே ஒரு குருட்டு அதிர்ஷ்டம் போதாது. ரப்பர் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி தரம் மாறும். நல்ல தொகுதி என்று பெயரெடுத்த பழைய ரப்பரை வருடக்கணக்கில் பத்திரப்படுத்தி, பெரிய போட்டிக்கு மட்டும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன பயன்?

சதுரங்கத்தையும் சடுகுடுவையும் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை. இருந்தாலும் கேட்டதற்குப் பதில்: பிரான்ஸின் அல்ஃபோன்ஸ் பெனோ 1871இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் முறுக்கிய ரப்பரால் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். பதினோரு நொடி பறந்தது. தானாகவே நிலைகுலையாமல் பறக்கும் வடிவத்துக்கு அது முன்னோடி. ரப்பரால் இயங்கும் அவருடைய ஹெலிகாப்டர் பாணியில் வந்த பொம்மை ஒன்றை 1878இல் மில்டன் ரைட் தன் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். வில்பர், ஆர்வில் என்ற அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பறக்கும் ஆசை தொற்றியது அதிலிருந்துதான் என்று பின்னாளில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் தொடங்க முடியுமா?

முடியும், ஆனால் எடுத்த எடுப்பில் எஃப்1டி வேண்டாம். அதைப் பிடிக்கப் பழகுவதற்குள்ளேயே நாலைந்து உடையும். அமெரிக்காவில் பென்னிபிளேன் என்றொரு வகை. பழைய ஒரு சென்ட் நாணயத்தின் எடையான 3.1 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது அதன் விதி. எஃப்.ஏ.ஐ.யிலும் 3 கிராம் எடையில் எஃப்1எம் என்ற வகை இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளி மாணவர்களின் அறிவியல் போட்டிகளிலும் ரப்பர் விமானம் இடம்பெறுகிறது. இங்கே என்.சி.சி. விமானப் பிரிவில் சேரும் மாணவர்களுக்கு மாடல் விமானப் பயிற்சி உண்டு. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் நடக்கிறது. அவை பெரும்பாலும் வெளியில் பறப்பவை என்றாலும், பால்சாவைச் சீவவும் எடையைச் சமன்படுத்தவும் கை பழகிவிடும்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. சாதனைகளைக் கூரையின் உயரத்தை வைத்து நான்காகப் பிரித்திருக்கிறார்கள். 8 மீட்டருக்குக் குறைந்த கூடத்துக்கும் தனிப் பிரிவு உண்டு. பள்ளியின் கலையரங்கமோ பாட்மிண்டன் கூடமோ போதும். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மின்விசிறிகள் முழுக்க நின்றபிறகு இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்துப் பறக்கவிடுங்கள். விட்டத்தில் புறா குடியிருந்தால் அதை முதலில் வெளியே அனுப்பிவிடுவது நல்லது.