மின்வில்லும் பற்றவைப்பும்

யாப்பிலக்கணம் பயின்றோர் ஆசிடை நேரிசை வெண்பா என்னும் பெயரை அறிவர். முதற்குறள் தனிச்சொல்லோடு நன்கு இயையாதவிடத்து ஓரசையாவது ஈரசையாவது கூட்டி இசைவிப்பர்; பொற்கொல்லர் அணியின் துண்டுகளை இணைக்க இடும் பற்றாசு போறலின் அஃது ஆசு எனப்பட்டது. இதனை வகுப்பிற் கேட்ட நாள்முதல், எம் கல்லூரிக்கு எதிர்ப்புறத்துப் பட்டறையில் நீலச்சுடர் சிந்த நிகழும் வெல்டிங் வேலையும் பற்றாசிடுதலே என்று யாம் எண்ணியிருந்தோம். அது பிழை.

பற்றாசு எளிதில் உருகும் வேறோர் உலோகக் கலவை. அதுமட்டும் உருகித் துண்டுகளைப் பிணைக்கும், துண்டுகள் உருகா. உருக்கிப் பற்றவைத்தலிலோ துண்டுகளின் விளிம்புகளே உருகி ஒன்றோடொன்று கலந்து, ஆறியபின் ஒரே பொருளாகின்றன. உருக்காமலும் ஒன்றாக்கலாம், கொல்லன் இரும்பை வெண்மை நிறம்படக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து இணைப்பது அம்முறை. சற்றேறக்குறைய 1,600 ஆண்டுகளாக நிற்கும் டெல்லி இரும்புத்தூண் அவ்வாறு ஆக்கப்பட்டதே.

இனி, மின்வில் யாது? காற்று இயல்பாக மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் மின்னோட்டமுள்ள கோலொன்றை இரும்பிலே தொட்டு, உடனே ஓர் அரிசி நீளத்திற்கும் குறைவாக விலக்கினால், இடையிலுள்ள காற்று மிகச் சூடேறி அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்திற்கு வழிவிடுகின்றது. அவ்வொளிப்பாலமே மின்வில். அதனூடே செல்லும் மின்னழுத்தம் இருபது முப்பது வோல்ட்டளவே. மின்னோட்டமோ நூறு ஆம்பியருக்கும் மேற்படும். இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை சென்டிகிரேடு போதும். வில்லின் வெப்பம் பல்லாயிரம் பாகை.

அவ்வில்லை வெறுங்கண்ணாற் காணலாகாது. இதனை யாம் நூலிற் படித்தறிந்தோம் அல்லேம். ஒருநாள் மாலை அப்பட்டறை வாயிலில் நின்று கால்மணி நேரம் வேடிக்கை பார்த்தோம். அப்போது யாதொரு துன்பமும் இல்லை. நள்ளிரவிலோ கண்களில் மணலை வாரியிட்டாற்போன்ற எரிச்சல். நீர் தாரையாய் வழிந்தது. இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. வில்லினின்று எழும் புறஊதாக் கதிர்கள் கருவிழியின் மேற்றோலைச் சுட்டுவிடுகின்றன என்றும், வலி சில மணிநேரம் கழித்தே தோன்றும் என்றும் மருத்துவர் கூறினார். அங்கே வேலை செய்த இளைஞனோ கறுப்புக் கண்ணாடிக் கவசத்தை ஒரு கையிற் பிடித்து, அடிக்கடி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எத்தனை இரவுகள் அவ்வாறு கழிந்தனவோ!

1802-ல் உருசியநாட்டுப் பெத்ரோவ் மின்வில்லைக் கண்டு, அதனால் உலோகங்களை உருக்கலாமென்று மறுவருடம் எழுதினார். இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவியும் அக்காலத்தே அதனைக் காட்டினார். எனினும், இடையறாது மின்சாரம் தரும் டைனமோ வருமளவும் அது வேடிக்கையாகவே நின்றது. 1881-ல் பிரான்சில் மெரித்தான் என்பவர் மின்கலத்தின் ஈயத்தகடுகளை இதனால் இணைத்தார். 1885-ல் பெனார்டோசும் ஒல்ஷெவ்ஸ்கியும் கரிக்கோலால் இரும்பைப் பற்றவைக்கும் முறைக்குப் பிரித்தானியக் காப்புரிமை பெற்றனர். 1888-ல் ஸ்லாவ்யானோவ் கரிக்கோலை நீக்கி உலோகக்கோலையே வைத்தார். கோலே உருகி இடைவெளியை நிரப்பிற்று.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. உருகிய இரும்பு காற்றிலுள்ள பிராணவாயுவையும் நைட்ரஜனையும் உட்கொண்டு, துளைபட்டு, எளிதில் முறியுந்தன்மை எய்திற்று. சுவீடனில் கப்பற் கொதிகலன்களைச் செப்பனிட்டுவந்த ஆஸ்கர் ஷெல்பெர்க், 1904-ஐ அடுத்த ஆண்டுகளில், கம்பியைக் கனிமக் குழம்பில் தோய்த்து உலர்த்தினார். அப்பூச்சு எரிந்து வாயுப்போர்வையாகிக் காற்றைத் தடுக்கும். எஞ்சியது கசடாகி உருகிய உலோகத்தின்மேற் படிந்து காக்கும். ஆறியபின் சிறு சுத்தியலால் அதனைத் தட்டி நீக்குவர். எமக்கு இவ்வரலாற்றில் மிக வியப்பளிப்பது இப்பூச்சே.

அதன்பின் கப்பல்கள் வந்தன. 1920-ல் பிர்க்கன்ஹெட்டில் ஆணியறையாது முற்றும் பற்றவைத்த ஃபுல்லகர் என்னும் கடற்கப்பல் நீரில் இறங்கிற்று. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர் 2,710 லிபர்ட்டி கப்பல்களை இம்முறையால் விரைந்து கட்டினர். ஆனால் 1943 ஜனவரி 16-ஆம் நாள் இரவு, போர்ட்லண்டுத் துறையில் அசைவற்ற நீரில் நின்ற ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க்கப்பல் பேரோசையுடன் நடுவே பிளந்தது. புயலில்லை, பகைவனில்லை. பற்றவைத்தோர்மேற் பழி விழுந்தது. குறைபட்ட இணைப்புகளும் இருந்தன என்பது மெய்யே. ஆயின் பெருங்காரணம் வேறு. அக்காலத்து எஃகு குளிரிற் கண்ணாடிபோல் நொறுங்குந் தன்மையது என்பதைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்னும் அம்மையார் ஆராய்ந்து காட்டினார். ஆணியறைந்த கப்பலில் பிளவு ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பல் முழுதும் ஒரே தகடாதலின் பிளவுக்கு எல்லையில்லை. ஆதலின் மேற்றளத் திறப்புகளின் கூரிய மூலைகளை வளைவாக்கினர். பிளவைத் தடுக்கச் சிலவிடத்து ஆணியறைந்த பட்டைகளையும் சேர்த்தனர்.

ஸ்கெனெக்டடியை யாரும் கைவிடவில்லை. இரு கூறுகளையும் மீண்டும் இணைத்து, அவ்வாண்டிலேயே கடலுக்கு அனுப்பினர்.